பழைய டெஸ்க்டாப்பில் ஓஎஸ் ஏற மறுக்கிறதா? இந்தத் தவறுகளைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. அதனால் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள்: எப்படியாவது விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது, இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஓஎஸ் (இயங்குதளம்) ஒன்றுக்கு மாறுவது. எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்று ஒரு சிபியூவை எடுத்துக்கொள்வோம். பென்டிரைவைச் செருகி ஆரம்பிக்கிறீர்கள், பாதியில் நின்றுவிடுகிறது.

உடனே ரீஸ்டார்ட் செய்து அதே வேலையை மறுபடி ஆரம்பிப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. பென்டிரைவிலிருந்து பூட்டே ஆகவில்லையா? மெனு வந்த பிறகு திரை கறுத்துவிட்டதா? ஃபைல்கள் காப்பியாகும்போது நின்றதா? எல்லாம் முடிந்து கடைசியில் பூட்லோடரில், அதாவது ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் சிறு புரோகிராமில், உதைக்கிறதா? நான்குக்கும் காரணம் வேறு வேறு. எர்ரர் வந்ததும் ஓகே அழுத்திவிடாமல் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். "ஏதோ எர்ரர் வந்துச்சு" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. அப்புறம், ஒரே நேரத்தில் ரேமையும் கேபிளையும் பயாஸ் (போர்டின் அடிப்படை புரோகிராம்) செட்டிங்கையும் சேர்த்து மாற்றாதீர்கள். சரியாகிவிட்டால்கூட எதனால் சரியானது என்று தெரியாது.

இரண்டு டிஸ்க் இருக்கும் சிபியூவில் 'எரேஸ் டிஸ்க்' கொடுப்பதற்கு முன், ஃபோட்டோக்கள் இருக்கும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழைய டிஸ்க் ஒன்றுதான் என்றால், மின்ட்டை இன்ஸ்டால் செய்யாமல் லைவாக, அதாவது பென்டிரைவிலிருந்தே, ஓடவிட்டுத் தேவையானதை வெளியே காப்பி செய்துகொள்ளலாம்.

பிராசஸரைப் பார்க்காமல் ஐஎஸ்ஓ (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஃபைல்) டவுன்லோடு செய்வது அடுத்த தவறு. மின்ட் 22 64-பிட்டுக்கு மட்டும்தான். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸும் 13-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் இன்ஸ்டாலர் தருவதில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) சோதனையை ரூஃபஸ் (பென்டிரைவில் ஐஎஸ்ஓவை எழுதும் புரோகிராம்) வைத்துத் தாண்டிவிடலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளைகள் கட்டாயம். கோர் 2 டுவோவில் இவை இல்லை. அதற்கு எந்தக் குறுக்கு வழியும் கிடையாது, நேரத்தை வீணாக்காதீர்கள். ஐ3, ஐ5 வகைகளில் இவை முதல் தலைமுறையிலிருந்தே உண்டு.

ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென்டிரைவில் காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற ஒன்றால் எழுத வேண்டும். (வென்டாய் என்ற புரோகிராம் போட்ட பென்டிரைவ் மட்டும் விதிவிலக்கு.) எழுதுவதற்கு முன் டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு (ஃபைல் பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் எண்) உங்கள் ஃபைலின் எண்ணை ஒப்பிட்டுவிடுங்கள். பென்டிரைவைச் சிபியூவின் பின்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள். முன்பக்கப் போர்ட் பழைய கேபினெட்டில் பெரும்பாலும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

இனி அதிகம் பேரைச் சுற்றவிடும் இடம். எஃப்12-ஓ எஃப்8-ஓ எஃப்11-ஓ, போர்டுக்கு ஏற்ற கீயை அழுத்திப் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை வரும். ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' (புதிய பூட் முறை) என்று இருக்கும், மற்றதில் வெறும் பெயர் (அது பழைய பயாஸ் முறை). இரண்டும் ஒன்றுதானே என்று கைக்கு வந்ததைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எந்த வரியைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்த முறையில்தான் இன்ஸ்டாலர் ஓடும், டிஸ்க்கும் அதற்கேற்ற அமைப்பில் இருக்க வேண்டும் என்று கேட்கும். யூஇஎஃப்ஐ வழியில் நுழைந்து, டிஸ்க் பழைய எம்பிஆர் அமைப்பில் இருந்தால் (எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்க்கில் பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் முறைகள், ஜிபிடி புதியது) 'இந்த டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்ய முடியாது, ஜிபிடி வேண்டும்' என்று விண்டோஸ் நின்றுவிடும். டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை. ஒன்று, டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் 'கிளீன்' கொடுத்து மாற்றினால் எல்லாம் அழிந்துவிடும். இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்து இன்னொரு வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின்ட்டில் இதே தகராறு கடைசியில்தான் தலைகாட்டும். எல்லாம் காப்பியாகி முடிந்த பிறகு 'கிரப் இன்ஸ்டால் ஆகவில்லை' என்று வரும் (கிரப் என்பது மின்ட்டின் பூட்லோடர்). ஜிபிடி டிஸ்க்கில் பழைய பயாஸ் முறையில் போடும்போது, கிரப்புக்கென்று 1 எம்பி அளவில் ஒரு தனிப் பார்ட்டிஷன் தேவை. கையால் பார்ட்டிஷன் பிரிப்பவர்கள் அதை விட்டுவிடுவார்கள். இன்னொன்று, பூட்லோடர் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் பெட்டியில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்துவிடுவது. பிறகு பென்டிரைவ் செருகியிருந்தால் மட்டும் சிஸ்டம் எழும், உருவினால் எழாது! டிஸ்க்கின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் வராது. எச்61 காலத்து போர்டுகளில் யூஇஎஃப்ஐ சில சமயம் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். டிஸ்க் 2 டிபிக்குள் இருந்து, போடுவது மின்ட் என்றால், பழைய பயாஸ் முறையும் எம்பிஆரும் போதும் என்பது என் கருத்து.

மெனு வந்து, அப்புறம் திரை கறுத்துப்போனால் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகியுங்கள். பழைய என்விடியா கார்டுகளில் இது சகஜம். மின்ட்டின் மெனுவிலேயே 'கம்பேட்டிபிலிட்டி மோட்' இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

காப்பியாகும்போது நிற்பது வேறு கதை. ஒரு முறை 30 சதவீதம், அடுத்த முறை 70 என்று இடம் மாறி மாறி நின்றால் ரேமைப் பாருங்கள். 80070570 என்று முடியும் எர்ரர் வந்தால் விண்டோஸ் 'ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது' என்று சொல்லும். உடனே பலர் ஐஎஸ்ஓவை மறுபடி டவுன்லோடு செய்கிறார்கள். ஐஎஸ்ஓவின் எண் ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தால் அதில் பயனில்லை. ஃபைல் ரேமுக்குள் வந்த பிறகு கெட்டிருக்கலாம். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை புரோகிராம் ஒரு முழுச் சுற்று ஓடட்டும். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் அது கோளாறுதான். மின்கேபிளை உருவிவிட்டு ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து, ஒவ்வொரு குச்சியாகப் போட்டுச் சோதியுங்கள்.

ரேம் சரி என்றால் டிஸ்க். லைவ் மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்தால் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் எண்கள்) கிடைக்கும். அதில் 5, 197 ஆகிய வரிசைகளில் எண் ஏறியிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் எதையும் போடாதீர்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் முதலில் அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது. மேலே ஏறாமல் நிற்கிறதா என்றுதான் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி. பழைய சிபியூ என்றால் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இன்ஸ்டாலர் நெட்டில் எதையாவது எடுக்கப் போனால் சான்றிதழ் எர்ரர் வரும், ஆள் வைஃபையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். இதைவிட மோசம், பயாஸ் செட்டிங்குகளும் சேர்ந்து பழைய நிலைக்குப் போய்விடுவது. ஏஎச்சிஐயில் (டிஸ்க்கோடு போர்டு பேசும் புதிய முறை, ஐடிஇ பழையது) விண்டோஸ் போட்டிருப்பீர்கள். மறுநாள் மின்சாரம் போய் வந்ததும் சாட்டா தானாக ஐடிஇக்குத் திரும்பியிருக்கும், நீலத்திரை வரும். விண்டோஸைத் திரும்பப் போட வேண்டியதில்லை. பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்றினால் எழுந்துவிடும். புது பேட்டரி போட்டு, தேதியையும் சாட்டா முறையையும் சரிசெய்துவிட்டு அப்புறம் பென்டிரைவைச் செருகுங்கள்.