கல்லூரி மாணவர்கள் மனநல ஆலோசனையைப் பெறுவது எப்படி?

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வகுத்த வழிகாட்டு நெறிகளின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஆலோசனை மையம் என்ற பெயர்ப்பலகை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் எப்படிச் செல்வது, என்ன பேசுவது, பேசியது யார் காதுக்குப் போகும் என்பவற்றை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வார் குறைவு. அதனால்தான் பலரும் அரியர் குவிந்து, வருகைப் பதிவு குறைந்து, வீட்டுக்குத் தகவல் போன பிறகே அங்கே வருகிறார்கள். பாதி வலியிலேயே வந்துவிட்டால் மீள்வது எளிது. அதற்கான வழிகளையே இங்கே சொல்கிறேன்.

எப்போது செல்ல வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் கையாளும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. தூக்கம், பசி, படிப்பில் கவனம், பிடித்தவற்றில் நாட்டம் ஆகியவை இரண்டு வாரங்களாகத் தொடர்ந்து கெட்டிருந்தால் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். இதற்குப் பெரிய காரணம் ஏதேனும் இருந்தாக வேண்டும் என்று நினைத்துத்தான் மாணவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, ஊரே பாராட்டும் மதிப்பெண்ணோடு பொறியியல் கல்லூரியில் சேர்ந்த மாணவி, ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் முதல் இன்டர்னல் தேர்வில் ஒற்றை இலக்க மதிப்பெண் வாங்கும்போது அவளுக்குள் உடைவது சிறியதன்று. கல்விக் கடன், காதல் முறிவு, வேலைவாய்ப்பு முகாமில் தொடர்ந்து விடுபடுதல், விடுதியில் ஒட்ட முடியாத தனிமை என எதுவும் ஆலோசகரிடம் கொண்டு செல்லத் தக்க காரணமே.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் முன்பதிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. எண்ணம் வலுத்து, தனியே இருக்கவே அச்சமாக இருந்தால், அறைத் தோழரையோ விடுதிக் காப்பாளரையோ எழுப்பி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்று அஞ்சி நண்பர்கள் தயங்கிவிடுவது உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில் கூறுகிறது. நண்பரிடம் 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா' என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்டதே பலருக்கு ஆறுதலாகும்.

யாரிடம் செல்வது என்பதில் குழப்பம் வேண்டாம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. ஆலோசகர் என்ற பெயரைப் பலரும் பல தகுதிகளோடு பயன்படுத்துகிறார்கள். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுநிலைப் பட்டம் பெற்றவரும் அதில் அடக்கம், சில வாரச் சான்றிதழ்ப் பயிற்சி பெற்றவரும் அடக்கம். ஆகவே கல்லூரி நியமித்தவராகவே இருந்தாலும் அவர் என்ன படித்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரிக்கு வெளியே பார்க்க விரும்பினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் சென்று, 'மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு வேண்டும்' என்று சொன்னாலே போதும். காரணத்தைச் சீட்டு எழுதுபவரிடம் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் உள்ளவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794இல் தொடங்கிய அந்த நிறுவனத்தைப் பற்றித் திரைப்படங்கள் ஏற்படுத்திய பிம்பத்தால் மாணவர்கள் ஒதுங்குவது வருத்தத்துக்குரியது. புறநோயாளியாக வந்து, மருத்துவரிடம் பேசி, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம்.

பேசியது வெளியே போகுமா?

மாணவர்களின் உண்மையான தயக்கம் இதுதான். அந்தத் தயக்கம் நியாயமானது என்பதே என் கருத்து. மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரைப் பற்றிய தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. அவருடைய உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையிலும், நீதிமன்ற ஆணை போன்ற சில சூழல்களிலும் மட்டுமே விலக்கு உண்டு. முதலாண்டில் 17 வயதினரும் இருப்பார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தாக வேண்டிய கடமை ஆலோசகருக்கு இருக்கிறது.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறையில் சில கல்லூரிகளில் பேராசிரியர் ஒருவரே கூடுதல் பொறுப்பாக ஆலோசகராகவும் அமர்த்தப்படுகிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்களுக்கு இன்டர்னல் மதிப்பெண் போடுபவரிடமோ, துறைத் தலைவரோடு தினமும் தேநீர் அருந்துபவரிடமோ மனத்தைத் திறந்து பேசுவது கடினம். அத்தகைய இடத்தில் வேறொருவரைக் கேட்பதும் வெளியே செல்வதும் முற்றிலும் சரியானவை. யாராக இருப்பினும், முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே இப்படிக் கேட்டுவிடுங்கள்: 'மேடம், நான் பேசுவதை எங்கே குறித்து வைப்பீர்கள்? அதை வேறு யார் பார்க்க முடியும்? எந்தச் சூழலில் என் வீட்டுக்குச் சொல்வீர்கள்? சொல்வதற்கு முன் என்னிடம் சொல்வீர்களா?' இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் தொடர வேண்டியதில்லை.

முதல் சந்திப்புக்கு ஒரு தாள்

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் 'ஒன்றும் இல்லை மேடம், சும்மா வந்தேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது வழக்கமாக நடப்பது. முந்தைய இரவே ஒரு தாளில், காரணங்களை ஆராயாமல், நடப்பதை மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி இருக்கலாம்:

'மூன்று வாரமாக இரவு இரண்டு மணிக்கு மேல்தான் தூக்கம். முதல் பீரியடுக்குப் போவதே இல்லை. மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறேன். லேப் ரெக்கார்டில் நான்கு சோதனைகளுக்குக் கையெழுத்து வாங்கவில்லை. அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை, பிறகு படித்துக்கொண்டிருந்தேன் என்று மெசேஜ் போடுகிறேன்.'

இந்த ஐந்து வரிகள் ஆலோசகருக்கு 'மனசு சரியில்லை' என்ற சொற்களைவிடப் பன்மடங்கு பயன்படும். பேச்சு வராவிட்டால் தாளை அப்படியே நீட்டலாம். அழுகை வந்தால் அழலாம். முன்பு ஏதேனும் மருந்து எடுத்திருந்தாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு மனநலச் சிகிச்சை நடந்திருந்தாலோ, குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருந்தாலோ அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதை மறைத்தால் சிகிச்சையின் திசையே மாறிவிடும்.

முதல் சந்திப்பு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நீளும். அதில் பெரும்பகுதி கேள்விகளிலேயே போய்விடும் என்பதால், வெளியே வரும்போது பாரம் இறங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று சந்திப்புகள் வரை பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் நீங்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லை என்று தோன்றினால் ஆலோசகரை மாற்றுங்கள், ஆலோசனையையே விட்டுவிடாதீர்கள். முதல் நாளிலேயே 'இதெல்லாம் இந்த வயசில் சகஜம், நன்றாகப் படி' என்று அறிவுரை கூறுபவரிடமோ, உங்கள் சாதியையும் காதலையும் எடைபோடுபவரிடமோ மூன்று முறை செல்லவும் தேவையில்லை.

எல்லாத் துன்பமும் ஆலோசனையால் மட்டும் தீராது. ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணிலும், பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிலும் முறையிட வேண்டும். துன்புறுத்துபவரை விட்டுவிட்டு, துன்புறுபவரை மட்டும் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது அநீதி.

மருத்துவர் மருந்து எழுதினால் அஞ்ச வேண்டாம். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நான்காம் நாளில் பயனில்லை என்று நிறுத்துவதும், நலமடைந்தவுடன் தாமாகவே நிறுத்துவதும் தவறு. தூக்க மாத்திரைகளில் சில பழக்கமாகக் கூடியவை என்பதால், அவற்றை எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொல்வது பலருக்கும் சிகிச்சையைவிடக் கடினம். எல்லோரிடமும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியதில்லை. பதறாமல் கேட்கும் ஒருவர், அக்காவோ சித்தியோ மாமாவோ, எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவரிடம் முதலில் சொல்லி, அவரை அருகில் வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேசுங்கள். 'அப்பா, மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை, டாக்டரைப் பார்த்தேன், அடுத்த முறை நீங்களும் வாருங்கள்' என்று உடலில் தெரிவதிலிருந்து தொடங்கினால் பெற்றோருக்குப் பிடிபடும். குலதெய்வக் கோயிலுக்கு அழைத்தால் போய் வாருங்கள்; மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

படிப்பு சார்ந்த வேலையையும் உடனுக்குடன் பார்க்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை தேவை. மருத்துவக் காரணங்களுக்காக ஓரளவு விலக்கு அளிக்கும் விதியும், படிப்பை இடையில் நிறுத்திப் பின்னர் தொடரும் விதியும் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. செமஸ்டர் முடியும் வாரத்தில் ஓடாமல், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்தே ஓ.பி. சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, உங்கள் வகுப்புக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் எழுத்து மூலமாகத் தெரிவித்துவிடுங்கள். சான்றிதழில் நோயின் பெயரைத் தவிர்த்து மருத்துவக் காரணம் என்று மட்டும் குறிப்பிட முடியுமா என மருத்துவரிடம் கேட்கலாம். விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.