நோம்பிக்குப் போறப்ப நாய போர்டிங்ல உடறீங்களா?

பொங்கல் நோம்பிக்கு கோயமுத்தூர்ல இருந்து ஊருக்குக் கெளம்பறவங்க நாய மொத தடவையா போர்டிங்ல (நாம ஊர்ல இல்லாதப்ப நாய வெச்சுப் பாத்துக்கற எடம்) உடறதா இருந்தா நேரா நாலஞ்சு நாளைக்குத் தாட்டி உடாதீங்க, முன்னாடியே ஒருக்கா பகல் மட்டும், அப்பறம் ஒரு ராத்திரி உட்டுப் பாருங்க, நீங்க திரும்பி வருவீங்கன்னு அதுக்கே புரிஞ்சுக்கும். ரேபிஸ் ஊசியோட கென்னல் காஃப் (நாய்க்கு நாய் தொத்தற இருமல்) ஊசியும் நெறைய எடத்துல கேப்பாங்க, கெளம்பற அன்னிக்குப் போட்டு பிரயோஜனமில்லீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுருங்க. வீட்ல திங்கற தீனியவே அளந்து குடுத்துடுங்க, திடீர்னு மாத்துனா வயித்தால போகும். தொவைக்காத பழைய லுங்கி ஒண்ணு வெச்சா உங்க வாசத்துல படுத்துக்கும் (புது மெத்தையெல்லாம் காசுக்குக் கேடு). உடறப்ப கட்டிப்புடிச்சு அழுதுட்டு நிக்காம சட்டுன்னு வந்துருங்க. மொத நாள் சரியா திங்கலீன்னா பதறாதீங்க, ரெண்டாம் நாளும் தொடலீன்னா காட்டறதுக்கு உங்க டாக்டர் நம்பரக் குடுத்துட்டு வாங்க.