பழைய தரையை மெருகேற்றாதீர்கள்

கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டம் நடந்த பழைய கட்டடம் ஒன்றை அருங்காட்சியகமாக்க அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் இளைஞர் குழு கிளம்பியிருக்கிறது. போன வாரம் தங்கள் திட்டத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் பக்கத்திலேயே, "சுவரைச் சுரண்டிப் புது வண்ணம், தரைக்கு மெருகு" என்று இருந்தது. இருபது வருடத்துக்கு முன் நானும் இதையேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுமதி, காப்பீடு, தீத்தடுப்பு பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். செய்யக்கூடாத மற்ற தவறுகளை நான் சொல்கிறேன்.

தடயத்தை அழுக்கு என்று நினைப்பது

அன்று நான் அருங்காட்சியகமாக்கியது அமெரிக்கத் தெற்கில் ஒரு சிறு நகரத்தின் பழைய பேருந்து நிலையம். ஒரே கூடத்தைப் பலகை அடித்துப் பிரித்து, பெரிய பக்கத்தை வெள்ளையருக்கும் சின்னப் பக்கத்தைக் கறுப்பினத்தவருக்கும் ஒதுக்கியிருந்தார்கள். பலகை எப்போதோ போய்விட்டது. ஆனால் அது நின்ற இடம் சிமெண்ட் தரையில் தெரிந்தது. ஒரே வரிசையாகத் திருகாணி ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் கறுப்பாக இறுகிய அழுக்கு. சின்னப் பக்கத்தில் தரை லேசாகக் குழிந்தே போயிருந்தது. அந்த இடுக்கில் அத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது பழுதான தரையாக மட்டும்தான் பட்டது. ஒப்பந்தக்காரர் மூன்றே நாளில் ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார்.

திறப்பு விழாவுக்கு எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி வந்தார். கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே கூடத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "நான் நின்ற இடம் எங்கே, தம்பி?" என்று கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை.

அப்புறம் மங்கலான ஒரு புகைப்படத்தை வைத்து மாதிரித் தடுப்பு செய்து நிறுத்தினோம். தரை வேலையைவிட அதற்கு அதிகம் செலவானது. சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று இன்றுவரை தெரியாது. இதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அலபாமாவின் தலைநகரான மாண்ட்கோமரி போய்ப் பாருங்கள். 1961 மே 20 அன்று ஃப்ரீடம் ரைடர்கள், அதாவது பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்தவர்கள், தாக்கப்பட்ட கிரேஹவுண்ட் பேருந்து நிலையம் 2011 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கறுப்பினத்தவர் நுழைந்த வாசல் பின்னாளில் செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. அந்த அடைப்பை உடைத்துப் புதுக் கதவு மாட்டவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். வாசல் இருந்ததும் அதை மூடியதும் ஒரே சுவரில் தெரிகின்றன.

ஆகவே வேலையாள் உள்ளே வருமுன் தரை, சுவர், கதவு நிலை எல்லாவற்றையும் அளந்து படமெடுங்கள். அங்கே நின்றவர்களை அழைத்துவந்து, அவர்கள் காட்டுகிற இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். தூசியைத் துடைக்கலாம், ஓட்டையை அடைக்கக் கூடாது.

அங்கே குடியிருப்பவரை மறப்பது

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸின் லொரேன் மோட்டலில், 306ஆம் அறை முன்னுள்ள பால்கனியில் சுடப்பட்டார். 1991இல் அது அருங்காட்சியகமானது. அதற்காக 1988இல் அங்கே கடைசியாகத் தங்கியிருந்த பெண்ணை வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். அவர் எதிர்ப்புறச் சாலையோரத்தில் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் போராடினார். அருங்காட்சியகத்துக்குச் செலவான பணம் ஏழைகளுக்குப் போயிருக்க வேண்டும், கிங் அதைத்தான் கேட்டிருப்பார் என்பது அவர் வாதம். அருமையான அருங்காட்சியகம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

திறப்புத் தேதியை முந்திச் சொல்வது

1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் உணவு கேட்டு உட்கார்ந்த கிரீன்ஸ்பரோ நகர வுல்வொர்த் கடை 1993இல் மூடப்பட்டது. அருங்காட்சியகமாகத் திறந்தது 2010 பிப்ரவரி 1. இடையில் பதினாறு வருடத்துக்கு மேல் போய்விட்டது, அதனால் தேதியை அவசரப்பட்டு அறிவிக்காதீர்கள்.

கூரை

ஒழுகும் கூரைக்குக் கீழே தொடுதிரை மாட்டாதீர்கள்.

மாதிரியை அசல்போல வைப்பது

மாதிரி என்றால் மாதிரி என்று எழுதி வையுங்கள். எங்கள் தடுப்பின் மேல் இப்போது ஓர் அட்டை இருக்கிறது: "இது மாதிரி. அசல் நின்ற தடத்தைச் சீரமைப்பின்போது நாங்கள் அழித்துவிட்டோம்." இந்த இரண்டு வரிக்கு நிர்வாகக் குழுவைச் சம்மதிக்க வைக்க ஐந்து வருடம் ஆனது.