பள்ளிக்கு மொட்டைக் கடிதம் வந்தால் தலைமையாசிரியர் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு பள்ளிக்குப் பெயர் போடாத கடிதம் வந்தால், "யார் எழுதியது?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அங்கேயே விடுங்கள். ஆசிரியர் பிள்ளையைக் குறிவைத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் பெற்றோர் பெயரை மறைக்கிறார்கள். கையெழுத்தை ஒப்பிட்டீர்கள், வாசலில் நிற்கும் தாய்மாரிடம் ஜாடையாக விசாரித்தீர்கள் என்று தெரிந்தால் அடுத்த கடிதம் நேராகக் கல்வித் துறைக்குப் போகும்.

இத்தகைய கடிதங்களைப் போடும் புகார்ப் பெட்டியை அலுவலக ஜன்னலுக்கு எதிரிலோ கேமரா பார்வையிலோ வைக்காதீர்கள். இரண்டு பூட்டு போடுங்கள்: ஒரு சாவி உங்களிடம், மற்றது நிர்வாகக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவரிடம். வாரம் இரண்டு முறை இருவரும் சேர்ந்து திறந்து, வரிசை எண், தேதி, பொருள் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். திறக்கும் நாட்களைப் பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் காத்திராமல் சிறுவர் உதவித் தொலைபேசியான சைல்ட்லைன் 116ஐ அழைக்கவும் என்பதையும் சேர்த்து, ஆங்கிலத்திலும் ஸுலுவிலும் எழுதுங்கள்.

பிள்ளைக்குத் தீங்கு பற்றிய கடிதத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். துன்புறுத்தல் நடந்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 110ஆம் பிரிவின்படி ஆசிரியர் அதற்கான அறிவிப்புப் படிவமான படிவம் 22 மூலம் சமூக நலத் துறைக்கோ காவல்துறைக்கோ அறிவித்தே ஆக வேண்டும். பெயர் இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். நீங்களே பிள்ளையைக் கூப்பிட்டுக் குடைந்து கேட்கவும் வேண்டாம்: பிள்ளை மிரண்டுவிடும், குற்றம் செய்தவர் உஷாராகிவிடுவார்.

ஆசிரியர் கடுமையாகப் பேசுகிறார் என்பது போன்ற புகாருக்கு வேறு வழி. கடிதம் மட்டுமே சாட்சியம் ஆகாது. அதை ஊழியர் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். அவரைத் தனியே அழைத்துச் சாரத்தை மட்டும் சொல்லி, அவர் தரப்பைக் கேளுங்கள். கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். பிறகு நீங்களே சில முறை அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். பிள்ளையை அடித்தார் என்றால் அது நடத்தைக் குறை அல்ல, சட்டமீறல்; 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் 10ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்துள்ளது.

கட்டணப் புகாரை லேசாக எண்ணாதீர்கள். வறுமையைப் பெயர் போட்டு எழுத யாருக்குத்தான் மனம் வரும்? பெற்றோர் கட்டணம் கட்டவில்லை என்று அரசுப் பள்ளி பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை நிறுத்தி வைக்க முடியாது. அதே பள்ளிகள் சட்டத்தின் 41(7) பிரிவு அதைத் தடுக்கிறது. நிறுத்தியிருந்தால் அன்றைக்கே எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கட்டண விலக்குக்கான விண்ணப்பப் படிவத்தை எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் அனுப்பினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பதிலைப் பத்து நாளுக்குள் வாசல் பலகையிலும் பள்ளிச் சுற்றறிக்கையிலும் போடுங்கள். கடித வாசகத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பேச்சு நடையே ஆளைக் காட்டிவிடும். தமிழ் வகுப்பில் நாலே பிள்ளைகள் என்றால் வகுப்பின் பெயரும் வேண்டாம். இப்படி எழுதலாம்: "மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கேட்டில் தனியே நிற்பதாகத் தெரிவித்தீர்கள். திங்கள் முதல் 4 மணி வரை ஓர் ஆசிரியர் அங்கே நிற்பார். கூரை போட இந்த ஆண்டு பணம் இல்லை. அடுத்த நிதிநிலைக் கூட்டத்தில் வைக்கிறோம்." முடியாததை முடியாது என்றே சொல்லுங்கள். "பரிசீலிக்கிறோம்" என்ற ஒற்றை வார்த்தையைப் பெற்றோர் நம்புவதில்லை.