சுழி முடி தூக்குவதைச் சரி செய்த விதம்

வாடிக்கையாளருக்கு முடி வெட்டி முடித்து, பின்னால் கண்ணாடி காட்டி "ஓகேவா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள், அதை வைத்து ஒன்றும் தெரியாது. பிடிக்காதவர்கள் சொல்லாமலே வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அடுத்த தடவை வந்து உட்கார்ந்ததும் "போன தடவை வெட்டினது வீட்டுல தலை காய்ஞ்சதும் எப்படி இருந்துச்சு?" என்று கேட்க ஆரம்பித்தேன். சுருட்டை முடிக்காரர்கள் பலர் சொன்னது ஒன்றேதான்: "உச்சியில சுழிகிட்ட தூக்கிக்கிட்டு நிக்குதுண்ணே."

காரணம் தண்ணீர். ஈர முடி நீண்டு படிந்திருக்கும், காய்ந்ததும் சுருங்கி மேலேறும், சுருட்டையில் இன்னும் அதிகம். இப்போது ஸ்ப்ரே அடிக்கும் முன்பே சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் காய்ந்த நிலையிலேயே, கொஞ்சம் நீளம் விட்டு, கத்தரியால் வெட்டுகிறேன். தூக்குவது நின்றுவிட்டது.

அப்புறம் சைடு. "ரொம்ப ஏத்திட்டீங்க" என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் போட்ட மெஷின் சீப்பு (மெஷினில் மாட்டும், முடி நீளத்தைத் தீர்மானிக்கும் சீப்பு) நம்பரைக் குறித்து வையுங்கள். 2 என்றால் முடி 6 மில்லிமீட்டர் நிற்கும், 3 என்றால் சுமார் 10; காதோரத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சந்தேகம் இருந்தால் 3-ல் தொடங்கி, கண்ணாடியில் காட்டிக் கேட்டுவிட்டுக் குறைக்கலாம்.