பிரஷர் பார்க்கும்போது கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

வீட்டில் பிரஷர் பார்க்கும்போது கையை மடியில் வைக்காதீர்கள், தொங்கவும் விடாதீர்கள். மேசைமேல் ஒரு தலையணையோ மடித்த துண்டோ போட்டு, பட்டை சுற்றிய மேற்கை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி தளர்வாக வையுங்கள்.

பட்டை இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தாலே, அந்த உயரத்து ரத்தத்தின் எடையும் சேர்ந்து அழுத்தி, அளவு 7, 8 புள்ளி கூடிவிடும். 132 இருப்பவருக்கு 140 காட்டும். தேவையில்லாமல் மாத்திரை கூடுவதற்கு இதுவே போதும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றுவது, கால்மேல் கால் போடுவது, நடுவில் பேசுவது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது எல்லாமே அளவை ஏற்றித்தான் காட்டும். கைக்குச் சிறியதான பட்டையும் அப்படியே. முதுகைச் சாய்த்து 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, 1 நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாடித்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இது மட்டும் போதாது. தானியங்கிக் கருவி தவறாகக் காட்டலாம், மருத்துவரிடமே அளந்துகொள்ளுங்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் இருந்தால் கையைச் சரிசெய்து மறுபடி அளக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.