பேக்கரி மாத்தூசியைக் கட்டுப்படுத்துவது எப்படி? கோஷ் விதிகள், படிப்படியாக

லண்டனில் நான் வேலை செய்த பேக்கரி ஒன்றில் ஓர் அண்ணை இரவிரவாக இருமுவார். லீவில் ஊருக்குப் போனால் சுகம், திரும்பி வந்த கிழமையே மறுபடி இழுப்பு. குளிர்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். காரணம் கோதுமை மா.

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் வேலையிடங்களில் உடம்புக்குக் கெடுதியான பொருட்களைக் கட்டுப்படுத்த 2002ஆம் ஆண்டு விதிகள் உண்டு. சுருக்கமாகக் கோஷ் என்பார்கள். இரசாயனப் போத்தல்களுக்கு மட்டும்தான் அது என்று நினைக்க வேண்டாம், மாத்தூசியும் அதற்குள் வரும். மாவுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சத் தூசியே தொய்வை (ஆஸ்துமாவை) கிளப்பப் போதும்.

1. பாருங்கள், எழுதுங்கள். ஒரு ஷிப்ட் முழுக்க நின்று மா எப்போது பறக்கிறது என்று கவனியுங்கள். சாக்கை வெட்டிக் கொட்டும்போது, மிக்சர் தொடங்கும்போது, மேசையில் தூவும்போது, வெறும் சாக்கை அமுக்கி மடிக்கும்போது. பாண் நன்றாகப் பொங்கி மெதுவாக வரப் போடும் இம்ப்ரூவர் தூளையும் மறக்காதீர்கள். அதிலுள்ள அமைலேஸ் நொதியமும் தொய்வை உண்டாக்கக்கூடியது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், கண்டதை முதலாளி எழுத்தில் வைத்திருப்பது கட்டாயம்.

2. பறக்காமல் செய்யுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், செலவும் பெரிதாக இல்லை. பிசைந்த மா மேசையில் ஒட்டாமலிருக்க மாத் தூவுவதற்குப் பதில் எண்ணெய் பூச முடியுமா என்று பாருங்கள். தூவியே ஆகவேண்டுமென்றால் கையால் வீசாமல் துளையுள்ள டப்பாவால் தூவுங்கள். மிக்சரை மாவும் தண்ணீரும் சேரும்வரை மெதுவாக ஓட விடுங்கள். சாக்கை உதறாமல் வாயிலிருந்து சுருட்டுங்கள். தும்புத்தடியால் காய்ந்த மாவைக் கூட்டவே வேண்டாம், காற்றடித்துச் சுத்தம் செய்வது அதைவிட மோசம். தூசிக்கென்று உள்ள தொழிற்சாலை வகை வாக்குவம் ஒன்று வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. தூசியை உறிஞ்சுங்கள். கொட்டும் இடத்தில் உறிஞ்சும் கருவி இருந்தால், குறைந்தது 14 மாதத்துக்கு ஒருமுறை அதை முழுமையாகச் சோதிக்க வேண்டும். அந்தப் பதிவை 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

4. மாஸ்க் கடைசியில்தான். பல இடங்களில் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அது பிழை. மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் தூசி மிச்சமிருக்கும் வேலைகளுக்கு மாத்திரம் எப்எப்பி3 வகை (நுண்ணிய தூசியையும் தடுக்கும் மாஸ்க்). முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தால் தூசி உள்ளே போகும்.

சரி, எவ்வளவு தூசிவரை அனுமதி? எட்டு மணிநேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராம், 15 நிமிடச் சராசரியாக 30. ஆனால் அதற்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. தொய்வு உண்டாக்கும் பொருள் என்பதால், நியாயமாக முடிந்த அளவுக்குக் குறைக்கவேண்டும் என்கிறது சட்டம்.

5. ஆட்களின் உடம்பைக் கவனியுங்கள். வேலைக்குச் சேரும்போதும் அதற்குப் பிறகும் கேள்விப் படிவம், தேவையென்றால் மூச்சுச் சோதனை. இந்தச் சுகாதாரப் பதிவை 40 வருடம் காக்க வேண்டும்.

தும்மல், கண் அரிப்பு, இரவில் இழுப்பு வந்து, லீவு நாட்களில் அது குறைகிறதா? அப்படியானால் டாக்டரிடம் போகும்போது, "நான் பேக்கரியில் மாவோடு வேலை செய்கிறேன்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். வேலையால் வந்த தொய்வு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதை அதிகாரிகளுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை.